மென்பொருள் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நிரல் எழுதும் மென்பொருள்களை நல்ல விலையில் வாங்குவது எப்படி, புதிய பதிப்புக்கு மாறுவது எப்படி என்று பேசுங்கள் டீச்சர்" என்று கேட்டார்கள். இந்த மையத்தில் கணினி ஆசிரியர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், மென்பொருள் வாங்கி ஏமாந்த அனுபவம் எனக்கு இருக்கிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும். எனவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். தன்னோடு படித்தவர்களிடம் ஐந்நூறு, ஆயிரம் என்று வசூலித்து இருபதாயிரம் ரூபாயைப் பள்ளிக்குக் கொடுத்தார். "டீச்சர், பிள்ளைங்க கம்ப்யூட்டர நல்லா கத்துக்கட்டும்" என்றார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அதே மாதத்தில் ஒரு விற்பனையாளர் பள்ளிக்கு வந்தார். பைத்தான் கற்பதற்கான முழுத் தொகுப்பு, பாடக் காணொலிகள், பயிற்சி வினாக்கள், பத்துக் கணினிக்கும் சேர்த்து ₹18,500 என்றார். திரையில் எல்லாம் அழகாக இருந்தது. நான் பரிந்துரைத்தேன். தலைமையாசிரியர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். நவம்பரில் வாங்கினோம்.

அடுத்த நவம்பரில் ஒரு காலை ஆய்வகத்தைத் திறந்தால் பத்துக் கணினியிலும் ஒரே செய்தி: உரிமக் காலம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தேன். புதுப்பிக்க ₹9,500, புதிய பதிப்பு வேண்டுமானால் மேலும் ₹6,000 என்றார்கள். அதைவிடப் பெரிய அடி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 26 பேர் ஜூன் முதல் எழுதிய நிரல்கள் எல்லாம் அந்த மென்பொருளின் தனிக் கோப்பு வடிவில் இருந்தன. வேறு எதிலும் அவை திறக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன.

எங்களைக் காப்பாற்றியது ரெக்கார்டு நோட்டு. கையால் எழுதிய நிரல்களை நோட்டைப் பார்த்து மாணவர்கள் மறுபடியும் தட்டச்சு செய்தார்கள். நான்கு நாள் ஆனது. பைத்தானோடு இலவசமாக வரும் ஐடில் என்ற எளிய செயலியில்தான் செய்தோம். மூன்றாம் நாள் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இதுலயும் அதே மாதிரிதான் ஓடுது. அப்புறம் எதுக்கு டீச்சர் அத வாங்கினீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொகுப்புக்குள் இருந்ததும் அதே பைத்தான்தான். மேலே ஒரு சட்டை போட்டிருந்தார்கள், அவ்வளவே.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அந்த முன்னாள் மாணவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரவால்ல டீச்சர். நாங்க தையல் மெஷின் வாங்கும்போது மெஷின் விலைய கடைசியாத்தான் கேப்போம். ஸ்பேர் என்ன விலை, சர்வீஸுக்கு யாரு வருவா, பழைய மெஷின் நூலும் ஊசியும் இதுல சேருமா, இதத்தான் முதல்ல கேப்போம்" என்றார்.

இன்று நான் சொல்லப் போவது எல்லாம் அவர் சொன்ன அந்த மூன்று கேள்விகளின் விரிவுதான்.

விலையே இல்லாமல் கிடைக்கிறதா?

நம் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் இருக்கின்றன. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி இருக்கிறது. இவற்றில் எதைக் கற்பிக்கவும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

பைத்தானை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். ஐடில் அதனுடனேயே வருகிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளமும் பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்க நிலை மாணவர்களுக்கு எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற செயலி மிகவும் ஏற்றது. நிரல் ஒவ்வொரு வரியாக ஓடும்போது மாறியின் மதிப்பு எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும். கரும்பலகையில் நான் பதினைந்து நிமிடம் வரைந்து காட்டுவதை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. சி++க்கு கோட்பிளாக்ஸ், டெவ் சி++ ஆகியவை உள்ளன. பிஎச்பிக்கு எக்ஸாம்ப் உள்ளது. எல்லாமே இலவசம்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு எம்ஐடியில் உருவாகி 2007இல் வெளியான ஸ்கிராட்ச் இருக்கிறது. கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கிப் பூனையை நடக்க வைக்கலாம். இணைய உலாவியிலேயே ஓடும், தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். இதற்கும் யாராவது பணம் கேட்டால், அவர்கள் விற்பது ஸ்கிராட்சை அல்ல, தங்கள் பயிற்சியை. பயிற்சி நன்றாக இருந்தால் அதற்குக் காசு கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இலவசத்தில் எத்தனை வகை?

இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகைகள் இருக்கின்றன.

முதல் வகை, கட்டற்ற மென்பொருள். பைத்தான், தோனி, கோட்பிளாக்ஸ் இந்த வகை. யாரும் பயன்படுத்தலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மூல நிரலைத் திறந்து பார்க்கலாம். காலக்கெடு கிடையாது. மாணவர் வீட்டுக் கணினியில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் சட்டப்படி சரியே. அரசுப் பள்ளிக்கு இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது, நிறுவனம் நிபந்தனையோடு தரும் இலவசம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி 2014இல் வந்தது. தனிநபருக்கும் வகுப்பறைக் கற்றலுக்கும் இலவசம். பெரிய வணிக நிறுவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதை விஷுவல் ஸ்டூடியோ கோடு என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு செயலி, எல்லோருக்கும் இலவசம்.

மூன்றாவது, கல்வி உரிமம். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் காசுக்கு விற்கும் செயலிகளை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிட்ஹப் நிறுவனமும் 13 வயது நிறைந்த மாணவர்களுக்குப் பல கருவிகள் அடங்கிய தொகுப்பைத் தருகிறது. மாணவர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பள்ளி மின்னஞ்சல் முகவரி இல்லையே என்று நம் பிள்ளைகள் பின்வாங்கிவிடுகிறார்கள். அடையாள அட்டை போன்ற ஆவணத்தைக் காட்டியும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

நான்காவது, சோதனைக் காலம். முப்பது நாள் இலவசம் என்பார்கள். இதை இலவசம் என்றே எண்ணக் கூடாது. பதிவு செய்யும்போதே வங்கி அட்டை எண்ணைக் கேட்டால், முப்பத்தோராம் நாள் பணம் போகும் என்று பொருள்.

போட்டிருக்கும் விலையும் கொடுக்கும் விலையும்

சரி, காசு கொடுத்தே ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் சொந்தப் பணத்தில் வாங்குகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

திரையில் "மாதம் 10 டாலர்" என்று இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் "ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தினால்" என்று இருக்கும். ஆகவே இன்று கட்ட வேண்டியது 120 டாலர். அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 141 டாலர் 60 சென்ட். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். இது ஒரு கணினிக்கா, ஒரு நபருக்கா? ஒரு கணினிக்கு என்றால் பத்துக் கணினிக்கு 1,416 டாலர். பத்து டாலர் என்று தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் வாங்கும் அவசரத்தில் நான் அதைப் போடவில்லை.

தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப்பட்ட தொடர் கட்டணத்தில் ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் வங்கி செய்தி அனுப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் நாமே புதுப்பிப்பது நல்லது.

சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். சில நிறுவனங்களின் செயலி அன்றே நின்றுவிடும். சிலர் நியாயமாக நடந்துகொள்கிறார்கள். ஜெட்பிரெயின்ஸ் 2015இல் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்தபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் பிறகு, ஓராண்டு தொடர்ந்து சந்தா கட்டியவர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை எப்போதும் பயன்படுத்தலாம் என்று விதியைத் திருத்தினார்கள். வாங்குபவர்கள் சேர்ந்து கேட்டால் விற்பவர்கள் இறங்கி வருவார்கள் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மலிவு விலையும் கள்ள நகலும்

பல நிறுவனங்கள் நவம்பர் கடைசியில் பெரிய தள்ளுபடி தருகின்றன. அவசரம் இல்லாத பொருளுக்கு அதுவரை காத்திருக்கலாம். புதிய பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் பழைய பதிப்பைத் தள்ளுபடியில் விற்பார்கள். அப்போது, "இன்று வாங்கினால் புதிய பதிப்பு இலவசமாகக் கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் விலையுள்ள மென்பொருளின் உரிமச் சாவியை ஐந்நூறு ரூபாய்க்கு, "வாழ்நாள் முழுவதும்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல, வேறு நிறுவனம் மொத்தமாக வாங்கிய உரிமத்திலிருந்து உருவியவை. உரியவர்கள் கண்டுபிடித்த நாளில் சாவி செல்லாததாகிவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

கள்ள நகலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் டர்போ சி++இன் நீலத் திரையில்தான் நிரல் எழுதினோம். அந்தக் குறுந்தகட்டை யார் வாங்கினார், யார் நகலெடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று மாற்று வழி தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. தேர்வில் பார்த்து எழுதாதே என்று சொல்லும் நாம், அதே மாணவர் முன்னால் திருட்டு மென்பொருளை நிறுவக் கூடாது. அத்தகைய நகல்களோடு வைரஸ் வருவதும் வழக்கம்.

புதிய பதிப்பு: எதற்கு, எப்போது?

புதியது வந்துவிட்டது என்பதற்காகவே மாற வேண்டியதில்லை. பழையது ஓடுகிறது என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டு இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் காரணம் வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகள் சில இருந்தன. புதிய பைத்தானை நிறுவப் பார்த்தேன், முடியவில்லை. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் இயங்காது. 3.8தான் அதற்குக் கடைசி. ஸ்கிராட்ச் 3இன் தரவிறக்கும் செயலிக்கும் விண்டோஸ் 10 வேண்டும். திருப்பூர் மாணவர் கேட்ட கேள்விதான் இங்கே வருகிறது: பழைய மெஷினோடு இது சேருமா? மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கணினியில் எந்த இயங்குதளம், எத்தனை ஜிபி நினைவகம், 32 பிட்டா 64 பிட்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் உள்ள பைத்தான் நிரல்களுக்கு 3.8 போதும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோன அந்தக் கணினிகளை இணையத்தோடு இணைக்காமல் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

மாறியே ஆக வேண்டிய பதிப்பும் உண்டு. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. பைத்தான் 2இல் ஐந்தை இரண்டால் வகுத்தால் 2 என்று வரும், 3இல் 2.5 என்று வரும். பழைய புத்தகத்தைப் பார்த்துப் படித்த மாணவர் புதிய பதிப்பில் நிரலை ஓட்டி, விடை தவறு என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பதிப்பில் கற்பிக்கிறோம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நம் கடமை.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்கலாம். யுடிஎஃப்-8 முறையில் எழுதிய சொல்லைப் பைத்தான் 2 வெறும் பைட்டுகளாக எண்ணி 15 என்று சொல்லும். பைத்தான் 3 யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்று சொல்லும். "டீச்சர், தமிழ்னா மூணு எழுத்துதானே?" என்று வகுப்பே சிரித்தது. அன்று ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பை நிறுவிக் காட்டினேன். அது நாம் எண்ணுவதுபோல் த, மி, ழ் என்று பிரித்து 3 என்று சரியாகச் சொன்னது. ஒரு பதிப்பு மாற்றத்தால் என்ன பயன் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இதற்கும் செலவு சுழியம்.

எப்போது மாறுவது? கோடை விடுமுறையில் மாறுங்கள். பருவத்தின் நடுவில், அதுவும் செய்முறைத் தேர்வுக்கு முன், எதையும் மாற்றாதீர்கள். முதலில் ஒரே ஒரு கணினியில் புதிய பதிப்பை நிறுவி, பாடப் புத்தக நிரல்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றிலும் நிறுவுங்கள். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் நாமாக எதையும் நிறுவாமல் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள்.

பதிவேட்டில் ஒரு பக்கம்

நாற்காலி, மேசையைக்கூட இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். மென்பொருளை ஏற்றுவதில்லை. இப்போது நான் அதற்கு ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், வாங்கிய நாள், உரிமம் முடியும் நாள், மாணவர் கோப்புகள் எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்திதான் முக்கியம். வேறு செயலியில் திறக்க முடியாத வடிவில் பிள்ளைகளின் உழைப்பைச் சேமிக்கும் எந்த மென்பொருளும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், எங்கள் ஆய்வகத்துக்குள் வராது.

முடிக்கும் முன் ஒன்று. போன ஆண்டு அதே திருப்பூர் மாணவர் மறுபடியும் கொஞ்சம் பணத்தோடு வந்தார். இந்த முறை அவரையே ஆய்வகத்தில் உட்கார வைத்தேன். நன்கொடையாக வந்த ஒரு பழைய கணினியை இயக்கினோம். திரை வருவதற்குள் அவர் ஒரு டீ குடித்து முடித்தார். "டீச்சர், இதுக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், மோட்டாரை மாத்துங்க" என்று சிரித்தார். மூன்று கடைகளில் விலை கேட்டு, ஆறு பழைய கணினிகளுக்கு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தினோம். கூடவே கொஞ்சம் நினைவகமும் சேர்த்தோம். ரசீதையும் நகலெடுத்து அவரிடம் கொடுத்தேன். இப்போது அந்தக் கணினிகளில் தோனி உடனே திறக்கிறது. முன்பு திரை வரக் காத்திருந்த நேரத்தில் மாணவர்கள் இப்போது ஒரு நிரல் கூடுதலாக எழுதுகிறார்கள்.

நம் பள்ளிகளுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவரின் ஓவர்டைம். அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை விற்பனையாளர் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு எவ்வளவு? பழுதானால் யார் வருவார்? பழையதோடு சேருமா? பதில் எழுத்தில் வந்தால் மட்டும் பையைத் திறங்கள்.

அந்த மாணவி என்னைக் கேட்ட கேள்வியை உங்கள் மாணவர் உங்களைக் கேட்கும்படி ஆக வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.